வாசகர் கேள்வி பதில்: வடிகால் பரிசோதனைக்கு ஓர் ஊர்தி

உள்ளூராட்சி வார ஊர்வலத்தில் வடிகால் பரிசோதனையைக் காட்டுகிற ஊர்தி ஒன்றைக் கட்டப்போகும் ஓய்வுபெற்ற வடிகால் ஊழியர்கள் சிலர் எழுதிய கடிதத்தை முந்திய இதழில் சுருக்கிப் போட்டிருந்தோம். அதைப் பார்த்து வேறு வாசகர்களும் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியே வருவதால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

*

கேள்வி: நாங்கள் பதினொரு பேர். எல்லாரும் வாய்க்கால், மலக்குழிப் பகுதிகளில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர்கள். உழவு இயந்திரமும் பெட்டியும் இரவலாகக் கிடைக்கும். பெட்டி பத்தடி நீளம், ஆறடி அகலம். எதைக் காட்டுவது என்றுதான் பிடிபடவில்லை. சேற்றுக்குள் நிற்கிற மாதிரிக் காட்டினால் சனம் சிரிக்குமோ என்று எங்களில் பாதிப்பேருக்குத் தயக்கம்.
— ஓய்வுபெற்ற ஊழியர், கொட்டடி

பதில்: சிரிக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டும் நிற்கும். சேற்றைக் காட்டினால் சனம் சேற்றைத்தான் பார்க்கும், உங்களைப் பார்க்காது. பரிசோதனை என்பது இறங்குவதற்கு முன்னே பார்க்கிற வேலை. குழாய்க்குள் என்ன இருக்கிறது, குழிக்குள் என்ன வாயு நிற்கிறது, குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று பார்க்கிற அந்தப் பார்வையைக் காட்டுங்கள்.

இன்னொன்று. படங்களில் வருகிற பெரிய செங்கல் சுரங்கத்தை வரைந்துவிடாதீர்கள். கொழும்பில் பிரித்தானியர் காலத்திலேயே வீதிக்கடியில் கழிவுக்குழாய் போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் வீடுகளை இணைக்கிற பொதுக் குழாய்வழி இல்லை, வீட்டுக்கு வீடு குழிதான். இங்கே உங்கள் வேலை மதகுக் குழாயும் வெள்ளவாய்க்காலும், விடுதி, மருத்துவமனை வளவுகளின் உட்குழாய்களும், மழை வாய்க்காலுக்குள் களவாகத் திருப்பிவிட்ட மலசலகூடக் குழாய்களும்தானே. அதை அப்படியே காட்டினால் இந்த ஊர்ச் சனத்துக்கு விளங்கும்.

பெட்டியின் இடது பக்கத்தில் குழாயும் வெளிச்சமும், வலது பக்கத்தில் கிணறும் குழியும், மேலே மான்ஹோலும் (ஆள் இறங்குகிற குழிவாய்) ஆளைக் கயிற்றில் இறக்கித் தூக்குகிற முக்காலியும் என்று மூன்றாகப் பிரியுங்கள். நாலாவதாக ஒன்றைச் சேர்க்க யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள். நடைவேகத்தில், மணிக்கு மூன்று கிலோமீற்றரில் போனாலும் பத்தடி நீளம் ஒருவரைக் கடக்க நாலு விநாடிதான் ஆகும். தூரத்திலிருந்து வருவதைப் பார்க்கிற நேரத்தையும் கூட்டினால் கால் நிமிடம். பக்கத்துக்கு ஏழு சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். எழுத்து ஆறு அங்குல உயரமாவது இருக்கட்டும்.

*

கேள்வி: வீதி மேலேயும் குழாய் கீழேயுமாக வெட்டுமுகம் காட்ட நினைக்கிறோம். அப்படிக் கட்டினால் உயரம் கூடி வயரில் தட்டாதா?
— அதே குழுவினர்

பதில்: பெட்டித் தட்டில் நாலடி மண் கட்டி, அதற்குமேல் ஆளையும் ஏற்றினால் தட்டும். உயரத்தை இரண்டாகப் பிரியுங்கள். பெட்டித்தட்டு நிலத்திலிருந்து ஏறத்தாழ மூன்றடி. அதன்மேல் இரண்டடி மேடை கட்டுங்கள். மேடையின் மேற்பரப்புத்தான் வீதி. தட்டின் விளிம்பிலிருந்து கீழே இரண்டடிக்கு ஒட்டுப்பலகையைத் தொங்கவிடுங்கள். இப்போது பக்கவாட்டில் நாலடி ஆழ வெட்டுமுகம் கிடைத்துவிட்டது, மேலேயோ ஐந்தடிதான். அதில் ஆறடி முக்காலி வைத்தால் மொத்தம் பதினொரு அடி.

வயரின் உயரத்தைக் கம்பால் தொட்டு அளக்கப் போகவேண்டாம், பச்சைத்தடியானாலும் காய்ந்ததானாலும். மின்சாரசபைக்கு வழித்தடத்தைச் சொல்லிக் கேளுங்கள். உண்மையில் முதலில் தட்டுவது மின்கம்பி அல்ல. தாழ்ந்து தொங்குகிற தொலைபேசி வயரும், வீதிக்குக் குறுக்கே கட்டிய பனரும், கோயில் வளைவுத் தோரணமுந்தான். அவற்றுக்காக முக்காலியின் ஒரு காலுக்கு மடக்குப் பூட்டு வைத்தால் பத்து விநாடியில் சரித்துவிடலாம்.

தொங்குபலகையில் அடிக்கடி விடுகிற பிழை மூன்று. பலகை நிலத்தோடு ஒட்டி நிற்கும், வேகத்தடையில் பிய்ந்துபோகும். ஓரடி இடைவெளி விடுங்கள். ரயருக்கு நேரே உள்ள துண்டுக்குப் பிணைச்சல் போடாமல் ஆணியடித்து விடுவார்கள், காற்றுப் போனால் ஊர்வலத்தின் நடுவிலே பலகையை உடைக்கவேண்டி வரும். மூன்றாவதுதான் பெரிய பிழை. முன்பக்கச் சோடனையை, பெட்டியை இயந்திரத்தோடு இணைக்கிற கொழுவுதடிக்கு மேலே நீட்டிவிடுவார்கள். முடக்கில் திரும்பும்போது இயந்திரத்தின் பின் ரயர் அதை அரைத்துவிடும். வெறும் பெட்டியோடு ஒரு வளவுக்குள் முழுத் திருப்பம் திருப்பிப் பார்த்து, ரயர் வருகிற இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துவிட்டுக் கட்டத் தொடங்குங்கள்.

12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை, எட்டுக்கு நாலு, ஒன்று ஏறத்தாழ 20 கிலோ வரும். ஆறு பலகையும் நாலு ஆட்களும் சேர்ந்தாலும் பெட்டிக்கு அது பாரமே இல்லை. பாரம் மேலே போவதுதான் கவனிக்கவேண்டியது. பற்றரி, ஒலிபெருக்கி, தண்ணீர்க்கலன் எல்லாம் தட்டிலேயே, அச்சுக்கு நேரே இருக்கட்டும்.

லான்ட் மாஸ்டரில், அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில், கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதன் உதறலில் கீழே சொல்லப்போகிற கண்ணாடி அரை மணித்தியாலத்தில் இடம் மாறிவிடும். நாலு சில்லு இயந்திரத்தையும் கிளச்சில் அரைகுறையாகக் கால்வைத்து ஓட்டாமல் ‘லோ’ முதல் கியரில் விட்டுவிடச் சொல்லுங்கள். ஊர்வல வேகத்தில் கிளச் எரிந்துதான் பல ஊர்திகள் வழியிலே நின்றிருக்கின்றன.

*

கேள்வி: ஒரு மான்ஹோலில் விளக்கைப் பிடித்து மற்றதில் கண்ணாடியால் பார்க்கிற பழைய முறையை நேரிலேயே செய்து காட்ட விருப்பம். எட்டடி எஸ்லோன் (பிவிசி) குழாய் ஒன்றில் செய்து பார்த்தோம். கண்ணாடிக்கு நேரே நிற்கிறவருக்குத் தெரிகிறது. பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏன்?
— ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், குருநகர்

பதில்: முறை தெரியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. இரண்டு குழிகளுக்கிடையே குழாய் நேராகவும் துப்புரவாகவும் இருந்தால், ஒரு முனையில் பிடித்த வெளிச்சம் மறுமுனைக் கண்ணாடியில் முழுநிலவாகத் தெரியும். அடியில் மண் படிந்திருந்தால் நிலவின் கீழ்ப்பக்கம் வெட்டுப்பட்டிருக்கும். பொருத்து விலகியிருந்தால் பிறை. ஒன்றுமே தெரியாவிட்டால் அடைப்பு, அல்லது குழாய் நடுவில் தாழ்ந்துவிட்டது.

இனி உங்கள் சிக்கல். நீங்கள் செய்ததில் பிழை இல்லை, அந்தப் பார்வையே அப்படித்தான். நீளக் குழாய்க்குள்ளால் பார்க்கிறவர் அதன் நடு அச்சிலே கண்ணை வைக்கவேண்டும். ஆறங்குலக் குழாயில் அச்சிலிருந்து மூன்றங்குலம் விலகினாலே நிலவு தேயத் தொடங்கும். ஏழடி தூரத்தில் நிற்கிறவர் எட்டங்குலம் விலகினால் எட்டடிக் குழாயில் எதுவுமே தெரியாது. மான்ஹோலுக்குள் குனிகிற ஒருவருக்கு அது போதும், வீதியோரத்துச் சனத்துக்குப் போதாது.

ஆகவே வெளிச்சத்தைக் கண்ணுக்கு அனுப்பாமல் ஒரு திரைக்கு அனுப்புங்கள். வெளியில் 160 மில்லிமீற்றர் வருகிற குழாய் இரண்டை மேடைக்குள், பெட்டியின் நீளவாக்கில், ஒன்றின்மேல் ஒன்றாகப் பூட்டுங்கள். ஒரு முனையில் முன்வில்லையை நகர்த்தி ஒளியைக் குவிக்கிற 10 வாற் எல்ஈடி ரோச். மறுமுனையில் 45 பாகை சரிவில் கண்ணாடி. கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் பக்கப்பலகையில் வெட்டிய ஓட்டையில், பின்னால் ஒட்டிய மங்கல் அக்ரிலிக் தகட்டில் விழும். தகட்டின் நடு நிலத்திலிருந்து நாலடியில் வருவதால் சின்னப்பிள்ளைக்கும் பெரியவருக்கும் தெரியும். எந்தப் பக்கத்தில் நின்றாலும் தெரியும்.

மேல்குழாயை ஒன்றும் செய்யாதீர்கள், அது முழுநிலவு. கீழ்க்குழாயை நாலடி நாலடியாக இரண்டாக வெட்டி, பொருத்துக்குள் அரைவட்டப் பிளாஸ்ரிக் துண்டொன்றைக் கீழ்ப்பாதியில் செருகுங்கள். அதுதான் மண். திரையில் மேல்பாதி மட்டும் வெளிக்கும். கண்ணாடி பக்கவாட்டில் திருப்புவதால் மேல் கீழ் மாறாது. இடம் வலந்தான் மாறும்.

செய்யும்போது நாலு இடத்தில் சறுக்கும்.

ஒன்று, குழாயின் உட்பக்கப் பளபளப்பு. வெளிச்சம் சுவரில் சறுக்கிச் சறுக்கி வந்து, மறைத்த பாதியையும் நிரப்பிவிடும். அரைநிலவு தெரியாமல் ஒரு வெள்ளைக் கலக்கந்தான் தெரியும். மினுக்கமில்லாத கறுப்பு இமல்சன் மையைத் தண்ணீர் விட்டு இளக்கி, குழாய்க்குள் ஊற்றி உருட்டி, மிச்சத்தை வடித்து ஒரு நாள் காயவிடுங்கள். அதற்கு முதல் உட்பக்கத்தை அரத்தாளால் கொஞ்சம் உரஞ்சாவிட்டால் மை தோலாக உரியும்.

இரண்டு, கண்ணாடியின் அளவு. 45 பாகையில் சாய்த்த கண்ணாடிக்கு வட்டம் நீள்வட்டமாக விழும். ஆறங்குல ஒளிக்கு ஏழுக்குப் பத்து அங்குலத் துண்டு வேண்டும். ஏழுக்கு ஏழு வைத்தால் நிலவின் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டு, குழாயில் என்ன பிழை என்று நீங்களே யோசிக்கத் தொடங்குவீர்கள். கண்ணாடி உடையும், ஆகவே அக்ரிலிக் கண்ணாடித் தகடு நல்லது.

மூன்று, உதறல். கண்ணாடியைப் பசையால் ஒட்டவேண்டாம். ஒட்டுப்பலகைத் துண்டில் ஏற்றி, மூன்று திருகாணியால், ஒவ்வோர் ஆணிக்கும் அடியில் பழைய ரியூப் ரப்பர் வளையம் வைத்துப் பூட்டுங்கள். ஆணியைக் கால் சுற்று முறுக்கினால் நிலவு நடுவுக்கு வரும். பின்பக்கத்தில் கைநுழைகிற அளவுக்கு ஒரு கதவு விடுங்கள். இந்தக் கதவை மறந்துவிட்டு, ஊர்வலத்தன்று பலகையைக் கழற்றுகிற குழுக்கள்தான் அதிகம்.

நான்கு, வெயில். திரைக்கு மேலும் பக்கங்களிலும் ஆறங்குலம் நீட்டிய கறுப்புக் கூடாரம் போடாவிட்டால் பகல் மூன்று மணிக்கு ஒன்றும் தெரியாது. ரோச்சைக் குவிக்கும்போது ஒளிவட்டம் குழாயின் வாயளவுக்கு மட்டும் வரச் செய்யுங்கள்.

சரிவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆறங்குலக் குழாய்க்கு 60க்கு 1 என்பது நீங்கள் வேலையில் பழகியதே. எட்டடியில் அது ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட. கண்ணுக்குத் தெரியாதென்று சிலர் ஓரடி சரித்து வைப்பார்கள். வேண்டாம், உண்மைச் சரிவையே வைத்து அதன்மேல் ஒரு நீர்மட்டத்தை ஒட்டிவிடுங்கள். குமிழ் நடுவில் நிற்காததை மேசன்மார் கட்டாயம் கவனிப்பார்கள்.

*

கேள்வி: வலது பக்கத்தில் கிணறும் மலக்குழியும் வரைகிறார்களாம். இரண்டுக்கும் இடையில் விடவேண்டிய 50 அடி தூரத்தைப் பத்தடிப் பலகையில் எப்படிக் காட்டுவது?
— சித்திர ஆசிரியை, கொக்குவில்

பதில்: ஓரடிக்கு இரண்டு அங்குலம் என்று அளவு வையுங்கள், அளந்து வைத்ததுபோலப் பொருந்தும். ஆறடிக் கிணற்றுக்கு 12 அங்குலம், நாலடிக் குழிக்கு 8 அங்குலம், இடையில் 50 அடிக்கு 100 அங்குலம். மொத்தம் 120 அங்குலம், சரியாகப் பத்தடி. வெட்டுமுகத்தின் நாலடி ஆழம் 24 அடியாகும், வலிகாமத்து வீட்டுக்கிணறு ஒன்றுக்குப் போதும்.

நடுவில் இருக்கிற 100 அங்குலத்தையும் வெறுமையாக விடுங்கள். பூவும் மரமும் வரைந்து நிரப்பத்தான் கை வரும். நிரப்பினால் தூரம் செத்துவிடும். மேலே செம்மண்ணை மெல்லிய பட்டையாகப் போடுங்கள், அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். கல்லில் வெடிப்புகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். குழியின் தண்ணீர் மணலில்போல வடிந்து வருவதில்லை, இந்த வெடிப்புகள் வழியே ஓடிவிடும். அதனால்தான் நம் மண்ணில் 50 அடி இருந்தாலும் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்கிறார்கள். குடிதண்ணீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த மேல்வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த இலக்கத்தைக் கிணற்றின்மேல் எழுதலாம், 50க்கு 50 என்று நினைவிலும் நிற்கும்.

காணிக் கணக்கு ஒன்றையும் சேர்க்கமுடிந்தால் நல்லது. ஒரு பரப்பு 2,722 சதுர அடி, சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 52 அடி. ஒரு பரப்புக் காணியில் வீட்டையும் கட்டி, சொந்தக் கிணற்றுக்கும் அயலவர் கிணற்றுக்கும் 50 அடி விட்டுக் குழி வெட்ட இடம் எங்கே? பரிசோதகர் வந்து தலையைச் சொறிவது இதற்காகத்தான்.

*

கேள்வி: மான்ஹோல் மூடி ஏன் வட்டமாக இருக்கிறது? ஊர்தியில் உண்மையான மூடியை வைப்பார்களா?
— தரம் 8 மாணவி, அரியாலை

பதில்: வட்டத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் அகலம் ஒன்றுதான், அதனால் தன் ஓட்டைக்குள் தானே விழாது. 24 அங்குலச் சதுர மூடியைச் செங்குத்தாக நிமிர்த்தி மூலைவிட்டத்துக்கு நேரே பிடித்தால் விழுந்துவிடும், அந்த மூலைவிட்டம் 34 அங்குலம். பாரமான வட்டமூடியை விளிம்பில் உருட்டியும் கொண்டுபோகலாம். உண்மையான வார்ப்பிரும்பு மூடி ஊர்திக்கு ஆபத்து. இரண்டங்குல றெஜிபோமில் (இலேசான வெள்ளை நுரைப்பலகை) வெட்டி, இமல்சன் பூசினால் பார்வைக்கு இரும்புதான். இனாமல் மையும் தின்னர் கலந்த பசையும் றெஜிபோமைத் தின்றுவிடும், தண்ணீரில் கரைகிற வெள்ளைப் பசைதான் வேண்டும்.

*

கேள்வி: முக்காலியில் எங்களில் ஒருவரையே இடுப்புப் பட்டியில் தொங்கவிட்டு இறக்கிக் காட்டினால் எடுப்பாக இருக்கும் என்று இளைய உறவினர் சொல்கிறார்கள்.
— குழுவிலிருந்து இன்னொருவர், நாவாந்துறை

பதில்: ஓடுகிற பெட்டியில் ஆளைத் தொங்கவிடக்கூடாது, ஒரு நிமிடத்துக்கும். வேலை உடுப்புக்குள் வைக்கோல் அடைத்த பொம்மை போதும். ஆனால் பட்டியைச் சரியாகப் போடுங்கள். இடுப்புப் பட்டியல்ல, தோளும் தொடையும் சுற்றுகிற முழு உடற்பட்டி. கயிறு கொழுவவேண்டியது முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவிலுள்ள வளையத்தில். இடுப்பில் கொழுவினால் மயங்கியவர் இரண்டாக மடிந்து மான்ஹோல் வாயில் சிக்கிக்கொள்வார். இதைக் கவனித்துப் பார்க்கிற ஒருவராவது கூட்டத்தில் இருப்பார், அவருக்காகவே சரியாகச் செய்யுங்கள்.

மேலே இரண்டுபேர் நிற்கட்டும், ஒருவர் கயிற்றில், ஒருவர் வாயு மானியோடு. மானியின் குழாயை மேல், நடு, அடி என்று மூன்று ஆழத்துக்கு இறக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டலாம். மூன்று ஆழம் ஏனென்றால் மெதேன் காற்றைவிட இலேசு, மேலே நிற்கும். ஐதரசன் சல்பைட்டு காற்றைவிடப் பாரம், அடியில் படுக்கும். அழுகல் முட்டை மணம் வந்தால் தெரிந்துவிடுமே என்பார்கள். பத்து இலட்சத்துக்கு 100 பங்கு அளவில் அது மணக்கிற சக்தியையே மரக்கச் செய்துவிடும். மணம் போய்விட்டதென்று இறங்கியவர்கள்தான் பலர். மானி அலறவேண்டியது 10 பங்கிலேயே. ஒட்சிசன் வழமையில் 20.9 வீதம், 19.5க்குக் கீழே போனால் இறங்கக்கூடாது.

பின்பக்கத்துக்கு ஒரே ஒரு வசனம் போதும்: ‘விழுந்தவரைத் தூக்க வெறுங்கையோடு இறங்காதே.’ வீட்டு மலக்குழியிலும் கிணற்றிலும் ஒருவர் பின் ஒருவராக இறங்கி இறந்ததெல்லாம் அந்த அவசரத்தில்தான்.

*

கேள்வி: ஜெனறேற்றர் வாடகைக்கு எடுக்கவேண்டுமா?
— குழுவினர்

பதில்: வேண்டாம். சத்தமும் சூடும் புகையும், பக்கத்தில் காய்ந்த குருத்தோலையும். இரண்டு ரோச்சுக்கு 20 வாற், 12 வோல்ற்றில் 1.7 அம்பியர். சிறிய ஒலிபெருக்கிக்குச் சராசரி 5 அம்பியர். 70 அம்பியர் மணி பற்றரியில் பாதியைத்தான் செலவழிப்பதென்றாலும் ஐந்து மணித்தியாலம் ஓடும். இயந்திரத்தின் சொந்தப் பற்றரியைத் தொடாதீர்கள், தரிப்பில் நிறுத்தியபின் ஸ்ராட் வராது. தனிப் பற்றரி, காற்றோட்டமுள்ள மரப்பெட்டி, நேர்முனைக்குப் பக்கத்திலேயே 10 அம்பியர் பியூஸ். முன்னே போகிறவர்கள் சீனவெடி கொளுத்துவார்கள், ஆகவே தீயணைக்கும் தூள் கலன் இரண்டு, மேலே ஒன்று, சாரதியிடம் ஒன்று.

*

கேள்வி: விழா ஊர்வலத்தில் மலக்குழியா? வேறு விஷயமே கிடைக்கவில்லையா?
— வாசகர், நல்லூர்

பதில்: திருவிழாக் காலத்தில் உங்கள் வீதியில் இலட்சம் பேர் வந்துபோகிறார்கள். அந்த நாட்களின் தற்காலிக மலசலகூடக் குழிகளை யார் வற்றவைக்கிறார்கள், பவுசர் எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரு முறை விடியப்புறம் எழும்பிப் பாருங்கள்.

*

கேள்வி: எங்களில் மூத்தவருக்கு 78 வயது. அவரும் ஊர்தியில் நிற்கவேண்டும் என்கிறார்.
— குழுவினர், கொட்டடி

பதில்: நிற்கவேண்டாம், இருக்கட்டும். பெட்டியின் முன்பக்கத்தில், தட்டு மட்டத்தில், கைபிடியுள்ள மரக்கதிரையை நாலு காலிலும் இரும்புக் கோணத்தால் பூட்டுங்கள். பிளாஸ்ரிக் கதிரை வளையும். மேடையில் நிற்கிறவர்களுக்கு மூன்றரை அடிக் கைபிடி சுற்றிவர வேண்டும், இயந்திரம் வெட்டி இழுக்கும்போது எல்லாரும் பின்னுக்குத்தான் சாய்வார்கள். அரை மணிக்கொருமுறை ஆளை மாற்றுங்கள். காலுறையும் உயரச் சப்பாத்தும் முழு வேலை உடுப்பும் வெயிலில் அவித்துவிடும், தண்ணீரும் உப்புக் கரைசலும் தட்டில் இருக்கட்டும்.

அவரைச் சும்மா இருத்தாமல் கீழ்க்குழாயின் ரோச் ஆளியை அவர் கையில் கொடுங்கள். கூட்டம் கூடிய இடத்தில் அவர் அணைத்துப் போட, அரைநிலவு திரையில் வந்து போகும்.